திங்கட்கிழமை போகலாம் என்றவள் நான்

அக்கா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் அவருடைய வளைகாப்புப் படத்தைப் போடச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். அதில் முகம் பூரிப்பாக இருக்கிறதாம். அது பூரிப்பு அல்ல, வீக்கம். அதனால் போடவில்லை.

சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா சீக்கிரமே போய்விட, பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டுக் கெலாங் பாத்தாவில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில் என்னைப் பல்கலைக்கழகம்வரை படிக்க வைத்தார். தனக்கென்று எதுவும் வாங்க மாட்டார். என் செருப்பு தேய்ந்தால் மட்டும் உடனே கண்ணில் பட்டுவிடும். முப்பத்து மூன்று வயதில்தான் திருமணம். மூன்று வருடம் கழித்துக் கரு தங்கியபோது அத்தான் வேலையிடத்திலேயே அழுதுவிட்டாராம்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு கிளினிக்கில் மிசி, அதாவது தாதி, அக்காவைப் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் இருந்தது.

"இது பிரிஎக்ளாம்சியா. தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. வீட்டுக்குப் போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டுல சேருங்க," என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

மண்டபம் பிடித்தாயிற்று. பத்து பாகாட் ஊரிலிருந்து சொந்தங்கள் கிளம்பத் தயாராக இருந்தார்கள். காரில் அக்கா கேட்டார்: "என்னடி செய்யலாம்? தல வேற வலிக்குது."

"ரெண்டே நாள்தானேக்கா. சண்டே ஃபங்ஷன முடிச்சிட்டு மண்டே போலாம்லா."

நான்தான் சொன்னேன். படித்தவள் சொல்கிறாளே என்று அக்கா கேட்டுக்கொண்டார்.

ஞாயிறன்று வளையல் கையில் ஏறவில்லை. எண்ணெய் தடவி ஏற்றினோம். "இப்படி நீர் கோத்துக்கிட்டா ஆம்பளப் புள்ளதான்," என்று ஒருவர் சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைவலி தாங்கவில்லை என்றபோது, கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம். சாயங்காலம், "கண்ணு மங்கலா தெரியுதுடி," என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரிலேயே வலிப்பு வந்துவிட்டது. அத்தனை வளையலும் என் மடியில் நொறுங்கின.

ஏழாம் மாதத்திலேயே அறுவை செய்து எடுத்த பெண் குழந்தை ஒரு கிலோவைச் சற்றே தாண்டியிருந்தாள். அக்காவுக்கு மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. மகளின் முகத்தைப் பார்க்காமலே மூன்றாம் நாள் போய்விட்டார். குழந்தை இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். ஒரு வயதாகியும் உட்காரத் தடுமாறுகிறாள். அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு இன்னும் மருத்துவமனைக்கு அலைகிறார்.

குழந்தையைக் காப்பாற்றிய தாதியருக்கும், இரத்தம் கொடுத்த அக்காவின் ஃபேக்டரித் தோழியருக்கும், மாதக்கணக்கில் சோறு கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த மிசியும் சாவுக்கு வந்திருந்தார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாம் விதி என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அம்மா எப்படிச் செத்தார் என்று அக்கா மகள் ஒருநாள் உங்களில் யாரிடமாவது கேட்பாள். விதி என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் உன் சித்திதான் தடுத்தாள் என்று சொல்லுங்கள்.