தெய்வானை அக்கா காத்த குரல்கள்

தெய்வானை அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் வீட்டில் ஒரு பழைய கேசட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மல்லசமுத்திரத்திலிருந்து அவர் மகன் பேசினார். "அம்மா காலையில போயிட்டாங்க சார். நேத்து சாயங்காலம் கூட உங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க" என்றார். என்னத்துக்கு என்று கேட்டேன். "கேசட்ட ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சிருக்கீங்களாமா. அந்தக் காந்தத்துல குரல் அழிஞ்சிருமாமா." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போனை வைத்துவிட்டு முதல் வேலையாகக் கேசட்டுகளை இடம் மாற்றினேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தத் திட்டு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கல்லூரி வாத்தியார். எனக்கும் வேலை முடிந்த பிறகு, இந்தப் பக்கத்து மக்களின் பழைய படங்களையும் குரல்களையும் சேர்த்துவைக்க இருவருமாக இறங்கினோம்.

நான் இறங்கிய விதமே வேறு. குழுவுக்குப் பெயர், லெட்டர்பேடு, வெப்சைட், பெரிய ஸ்கேனர் என்று திட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க சார், உங்க ஊட்டு பீரோவுல என்ன கெடக்குதுன்னு மொதல்ல பாத்தீங்களா?" என்றார். பார்த்தோம். என் கல்யாண ஆல்பத்தில் படங்கள் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போயிருந்தன. ஒன்றைப் பிய்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிய்க்காதீங்க. ஒட்டுனபடியே செல்போன்ல படம் எடுங்க. அப்பறம் அதுல இருக்கறவீங்க யாருன்னு உங்க ஊட்டம்மாவக் கேளுங்க. உங்களுக்குத் தெரியாது." தெரியவில்லைதான். என் மனைவி ஒவ்வொரு முகமாகச் சொல்லச் சொல்ல அக்கா எழுதிக்கொண்டார். எங்கள் சேகரிப்பு அப்படித்தான் தொடங்கியது.

கேசட்டுகளைத் தேடலாம் என்பதும் அவர் யோசனைதான். எங்கள் பக்கத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் வடக்கே போனவர்கள் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். எழுத வராதவர்கள் டேப் ரெக்கார்டரில் பேசி, ஊருக்கு வரும் வண்டியில் கொடுத்தனுப்புவார்கள். பல வீடுகளில் அந்தக் குரல்களின் மேலேயே சினிமாப் பாட்டைப் பதிந்து தொலைத்திருந்தார்கள். அதனால் எங்கே கேசட் கிடைத்தாலும், வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அக்கா தன் கொண்டை ஊசியை உருவி, கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுவார். "இனி இது மேல எந்தப் பாட்டும் ஏறாதுங்க" என்பார். காபி குடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வீட்டில் ஒரு பெரியம்மா, இறந்துபோன கணவரின் கேசட்டைக் கொடுத்தார். எந்த ஊர், யார் என்று எழுத மாட்டேன். எழுதினால் அக்கா எழுந்து வந்து திட்டுவார். முதல் பக்கத்தில் வெயில், தண்ணீர், பையனின் படிப்பு. இரண்டாம் பக்கத்தில் அவர் மனைவிக்கு மட்டுமே சொன்னவை இருந்தன. மற்ற கேசட்டுகளில் எல்லாரும் நல்லா இருக்கறேன் என்றுதான் பேசியிருப்பார்கள். இது போல் ஒன்று எங்களிடம் இல்லை. ஓடும்போதே லேப்டாப்பில் ஏற்றிவிட்டேன். கேட்டு முடித்ததும் பெரியம்மா, "இது ஊருக்கு வேண்டாம் சாமி" என்றார்.

நான் விடவில்லை. பெயரில்லாமல் வைக்கலாம் என்றேன். இதுவும் வரலாறுதான் என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "லேப்டாப்பத் தெறங்க சார்" என்றார். பெரியம்மாவின் கண்ணெதிரிலேயே அழிக்கவைத்தார். கேசட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில், இறங்கும் முன் அக்கா சொன்னார். "எக்ஸ்சேஞ்சுல ஊரு பூராம் பேசறது என் காதுல உழுகும். ஒரு வார்த்த வெளிய போயிருந்தா மறுநா எவனும் டிரங்க் கால் போட்டிருக்க மாட்டான். நம்பித்தானுங்க பேசறாங்க."

சில மாதங்கள் கழித்து அந்தப் பெரியம்மாவே கேசட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். "நான் இருக்கற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாது. அதுக்கப்பறம் கேக்கட்டும். அந்த மனுசன் பட்டது தெரியட்டும்" என்றார். அக்கா அதை ஓர் உறையில் போட்டு, அவர் சொன்னதையே மேலே எழுதி, படித்துக் காட்டி ஒட்டினார். விஷயம் காதோடு காதாகப் பரவியது. ஒளித்துவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்காவின் பீரோவில் ஒரு தட்டு முழுக்க ஒட்டிய உறைகள். திருப்பிக் கொடுக்கத் தெரிந்ததால்தான் அத்தனையும் அவரிடம் வந்து சேர்ந்தன. அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை. அவரிடம் பார்த்துத்தான் அதை மதிக்கக் கற்றேன்.

சாவு வீட்டுக்கு அந்தப் பெரியம்மா வந்திருந்தார். எடுத்துப் போன பிறகு பந்தலில் என்னிடம் வந்தார். "இனி அந்த பீரோ சாவி யாருகிட்டங்க?"

அன்று காலைதான் மகன் அதை என்னிடம் கொடுத்திருந்தார். "எங்கிட்டத்தானுங்க. வேணும்னா உங்க கேசட்ட இப்பவே எடுத்துத் தாரேன்" என்றேன்.

"மறுக்காக் கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"கேக்கோணும்னு ஆசை இருக்குதா?"

பொய் சொல்ல வரவில்லை. "இருக்குதுங்க" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "அப்ப அங்கயே இருக்கட்டும் சாமி. இல்லீன்னு சொல்லியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன்."

அக்காவிடமிருந்து எனக்கு வந்திருப்பது அந்த ஒரு தட்டு உறைகளும், அவற்றைத் திறக்காமல் இருக்கும் வேலையும். அந்தப் பெரியம்மா நூறு வயது வரைக்கும் நல்லபடியாக இருக்க வேண்டும். அந்தக் குரலை நான் மறுபடி கேட்காமலே போய்ச் சேர்ந்தாலும் சரி.