பின்வரிசையில் நிற்காத அப்பா

சார், உங்களைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மகளை வாசலில் இறக்கிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பைக்கில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து ஃபோனைத் தேய்க்கிறீர்களே, நீங்கள்தான். கராத்தே சொல்லிக்கொடுக்கும் தொழிலில் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் இல்லை, பெற்றவர்களால்தான் எல்லாம்.

மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹாலில் வகுப்பு நடத்துகிறேன். சின்ன வயதில் மீன் ஏலத்தில் நின்று கத்திப் பிழைத்தவன். கோபமும் பேரமும் அங்கே ஒட்டிக்கொண்டவை. ஹால் வாடகையையும் கத்தித்தான் குறைத்தேன்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. சனிக்கிழமை கடைசிக் கால்மணி நேரம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் அம்மாவோ அப்பாவோ நின்று அதே பயிற்சியைச் செய்ய வேண்டும். நாம் சொல்வதைப் பிள்ளைகள் எங்கே கேட்கிறார்கள்? நாம் செய்வதைத்தான் பார்க்கிறார்கள். பிள்ளை வளர்க்கிற உங்களுக்கும் இந்தத் தலைவலி தெரிந்ததுதானே.

வளர்ற புள்ள

சுரக்குடியிலிருந்து ஒரு அம்மா. மகனுக்கு மஞ்சள் பெல்ட் கொடுத்த அன்றே, "நேரா பச்சையே குடுத்துடுங்க மாஸ்டர். வளர்ற புள்ள, எப்படியும் வேணும்ல" என்றார். யூனிஃபார்ம் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிற மாதிரி! எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் பேரம் என்று வந்தபிறகு விடுவேனா? "தினம் காலையில நீங்களும் அவனோட ஓடுங்க, சீக்கிரம் பச்சைக்கு வந்துடுவான்" என்றேன்.

அடுத்த வாரம் மூச்சு வாங்க வந்து நின்றார். "புடவையைத் தூக்கிச் செருகிட்டு ஓடுறேன் மாஸ்டர். எந்த பஸ்ஸ விட்டுட்டேன்னு ஊரே கேக்குது."

வாசலில் ஒரு தண்டால்

கெட்ட வார்த்தை பேசினால் தண்டால் எடுக்க வேண்டும், யாராக இருந்தாலும். மண்டபத்தூர்ப் படகுக்காரர் ஒருவர் வாசலில் ஆட்டோக்காரரோடு மல்லுக்கு நின்று, எழுத முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து அவர் மகனே ஓடிவந்தான். "அப்பா, தண்டால்!"

மனுஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே குப்புற விழுந்தார். திட்டு வாங்கிய ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "மாஸ்டர், நெஞ்சு தரையைத் தொடவே இல்ல. இதெல்லாம் கணக்குல சேராது."

ஷார்ஜாவிலிருந்து

பர்தா போட்ட ஒரு அம்மா, மகனுக்குப் பின்னால் நின்று விடுகிற குத்தில் காற்று சத்தம் போடும். கணவர் ஷார்ஜாவில். பக்கத்தில் நிற்கிறவரிடம் ஃபோனைக் கொடுத்து வீடியோவில் காட்டச் சொல்வார். கடலைத் தாண்டியிருக்கிற மனுஷனும் கால்மணி நேரம் ஃபோனை விட்டு நகர மாட்டார். "இவன் வாப்பா கேக்குறாங்க மாஸ்டர், இனிமே ஊருக்கு வர்றதா வேணாமான்னு."

காலி இடம்

இனி உங்கள் மகள் யாழினி. அவளுக்குப் பின்னால் மட்டும் ஆள் இல்லை. குத்து விடும்போதுகூட முகம் வாசல் பக்கம் திரும்புகிறது. ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் ரோட்டைக் கடந்து உங்களிடம் வந்தேன். நீங்கள் ஹெல்மெட் கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. "அங்க எனக்கு என்ன மாஸ்டர் வேலை? அதான் நீங்க இருக்கீங்கள்ல."

கத்தாமல் திரும்பி வந்தது எனக்கே ஆச்சரியம். என் மகன் திருச்சியில் அவன் அம்மாவோடு இருக்கிறான். அவன் ஏதாவது வகுப்புக்குப் போகிறானா, பின்னால் யார் நிற்கிறார்கள், எனக்குத் தெரியாது. எல்லோரும் போனபின் பாய்களைச் சுருட்டும்போது அதைத்தான் நினைப்பேன்.

போன வாரம் நானே யாழினிக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. "மாஸ்டர், அது அப்பா நிக்கிற இடம். நீங்க முன்னாடி போங்க."

அதனால் சார், மீன் ஏலத்து ஐஸ் பெட்டியிலிருந்து ஹால் வாடகை வரை எல்லாவற்றிலும் குறைத்துக் கேட்டே பழகிய நான் இந்தக் கால்மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்க மாட்டேன்: இந்தச் சனிக்கிழமை செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து அவள் பின்னால் நில்லுங்கள், உங்கள் குத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் நான் திருத்தவே மாட்டேன்.