இருநூற்றெழுபது ஓம்

எத்தனை ஓம் தடை என்று சொல்லும் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளை வாய்விட்டுப் படித்து முடித்தாலும் நஃபீஸத் அதை நம்புவதில்லை. மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகே தட்டில் போடுவார். "கோடு அடிச்சவனும் மனுசன்தானே" என்பார். மேலப்பாளையத்தில் தையல்கடை ஓரமாக ஒரு மேசை, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் ஒரு சால்டரிங் கோல், நான்கு மிட்டாய் டப்பாக்கள். அவ்வளவுதான் கடை.

பழுது பார்க்க எந்த வண்டி விளக்கு வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "ஓடும்போது எத்தனை வோல்ட்டு?" பேட்டரி மேல் எழுதியிருக்கும் பன்னிரண்டை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அன்று சாயங்காலம் குப்பை வண்டியோடு மதுமதி வந்தார். அதன் பின்படியில் நின்று போகும் துப்புரவுத் தொழிலாளி. சட்டப்படி அங்கே யாரும் நிற்கக் கூடாது. உட்கார இடம் கொடுக்காததால், விடியுமுன்னே லாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தினமும் நிற்கிறார். பின்பக்கச் சிவப்பு விளக்கு மூன்றாம் முறையாகக் கருகியிருந்தது. போன வாரம் ஒரு லாரி அவர் தோளை உரசிப் போனது.

"சூப்பர்வைசரு எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லுதாரு, தாயி."

"கட்டுங்க. பழம் எத்தனை ஓம்னு அவர்ட்டயே கேட்டுட்டு வாங்க."

வண்டியோட்டி மகாராஜா ஸ்டியரிங்கில் தலை கவிழ்த்துச் சிரித்தார்.

எஞ்சினை ஓடவிட்டு அளந்தார் நஃபீஸத். பதினாலரை வோல்ட். விளக்கைப் பிரித்தார். வரிசையாக ஐந்து சிவப்பு எல்.இ.டி.; அவை பத்து வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைத் தாங்க இருந்தது வெறும் நூறு ஓம் ரெசிஸ்டர்.

"வெளக்கு செஞ்சவன் பன்னெண்டுன்னு நெனச்சுப் போட்டுருக்கான். நிக்கிற வண்டிக்குச் சரி. ஓடுத வண்டில ரெண்டு பங்குக்கு மேல கரண்டு பாயுது. கருகாம என்ன செய்யும்?"

இருநூற்றிருபது போதும் என்றது கணக்கு. அவர் இருநூற்றெழுபதை எடுத்து, "வெளிச்சம் கொஞ்சம் கொறையும், ஆனா நாளு தாங்கும்" என்றார்.

"மங்கிருமே," என்றார் மதுமதி. "லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியணும்லா?"

"பளிச்சுன்னு எரிஞ்சு பத்து நாள்ல போனாப் பரவால்லையா, யக்கா?"

"நாளைக்கும் நாந்தான் நிக்கணும். பத்தாம் நாளும் நாந்தான் நிக்கணும்."

நஃபீஸத் இருநூற்றெழுபதையே பற்றவைத்து, விளக்கை மாட்டினார். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று மகாராஜாவிடம் சொல்லிவிட்டு, இருட்டத் தொடங்கியிருந்த தெருவில் வண்டிக்குப் பின்புறமாக நடந்தார். கால்வாய்ப் பாலத்தில் திரும்பி நின்றார். ராத்திரி முழுக்க உறங்காமல் லாரி ஓட்டியவனைப் போல இமைகளைப் பாதி மூடி, அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு, கண்ணை முழுசாகத் திறக்காமலே, இன்னும் இருபது அடி பின்னால் போனார்.