காசு கொடுத்துப் பார்த்த முதுகு

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதையும் முழுதாக முடித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் சினிமா என்று வந்துவிட்டால் கோத்தகிரியிலிருந்து குன்னூர் வரை என்னோடு பேசி ஜெயிக்க ஆள் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

இன்று கட்டபெட்டில் எனக்குச் சொந்தமாக மளிகைக் கடை இருக்கிறது. அதை ஒட்டி டீக்கடை. யாரும் தூக்கிவிடவில்லை, நானாக எழுந்து நின்றவன். சாயங்காலம் காலேஜ் பையன்கள் வந்து உட்கார்ந்து, போன வாரம் வந்த தமிழ்ப் படத்தையும் கொரியாப் படத்தையும் ஈரான் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலசுவார்கள். ஒருநாள் நான் நடுவில் புகுந்து ஏதோ சொன்னேன். "தாத்தா, இது உலக சினிமா. உங்களுக்குப் புரியாது" என்றான் ஒருவன். டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தேன். இவனுடைய அப்பன் பிறப்பதற்கு முன்பே இந்தச் சண்டையை நாங்கள் போட்டு முடித்துவிட்டோம்.

நாங்கள் என்றால் நானும் என் சிநேகிதனும். நான் சிலோன் தோட்டத்திலிருந்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவன். என்னோடு வந்தது என் அக்கா மட்டும்தான். அக்கா புருஷன் அங்கேயே செத்துப்போனார். அவளுடைய ஒரே மகளும் அங்கேயே நின்றுவிட்டாள். அக்காவின் மருமகனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, எங்களுக்கு இந்த நாடு. யார் எங்கே இருப்பது என்று யாரோ முடிவு செய்தார்கள், நாங்கள் மூட்டை கட்டினோம். இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பராவும் கொடுத்தார்கள்.

சிநேகிதன் கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அவனுடைய அப்பா காலத்திலேயே மலையேறியவர்கள். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. என்னைப் போலவே படப் பைத்தியம். ஆனால் அவனுக்கு ஊட்டிக்குப் போய் வெளிநாட்டுப் படம் பார்க்கும் கிறுக்கும் சேர்ந்திருந்தது. பாஷை தெரியாது. கேட்டால், "பாஷை தெரியாம பாத்தாத்தானுங்க படம் தெரியும்" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அக்காவையும் தன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போனான். அது இங்கிலீஷ் படம்கூட இல்லை, வேறு ஏதோ பாஷை. ஒரு கிழவி பனியில் விறகு பொறுக்குகிறாள். பொறுக்கிக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறாள். நடந்துகொண்டே இருக்கிறாள். முகத்தைக் காட்டவே இல்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. படம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏம்ப்பா, காசு குடுத்து ஒரு கெழவி முதுகைப் பாக்கவா பஸ் ஏறி வந்தோம்? எங்க தோட்டத்துல சும்மாவே நூறு முதுகு தெரியுமே!"

"ஏனுங்க சிலோன்காரரே, அந்த முதுகைப் பாத்து உங்களுக்குக் கண்ணு கலங்கலீங்களா?"

"கொட்டாவி விட்டேன், அதுல கலங்குச்சு. நம்ம படத்துல அம்மா அழுதா மூஞ்சி திரை பூரா தெரியும். மூஞ்சிதான்ப்பா படம்."

"மூஞ்சி பொய் சொல்லுமுங்க. முதுகு சொல்லாது."

இந்தச் சண்டை மாசக்கணக்கில் ஓடியது. எந்தப் புதுத் தமிழ்ப் படம் வந்தாலும் அவன் அந்தக் கிழவியை இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்துவான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் எல்லாரும் காது கொடுத்துக் கேட்பார்கள். அவர்கள் தீர்ப்பு எப்போதும் என் பக்கம்தான். பேச்சில் நான் அப்படி.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்துக்கே ஷூட்டிங் வந்தது. கதாநாயகி பாடுவாள், பின்னால் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறிக்க வேண்டும். எங்கள் லயத்துப் பெண்களைத்தான் கேட்டார்கள். அக்கா முதல் ஆளாகப் போய் நின்றாள். அவளை எனக்குத் தெரியும், சினிமா ஆசை அவளுக்கு ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. அன்று சாயங்காலம் சொன்னாள்:

"தம்பி, நம்ம தமிழ்ப்படம் எல்லாம் அங்கயும் ஓடும்தானே? புள்ள டவுனுக்குப் போயி பாத்தா, என் மூஞ்சி தெரியும்தானே?"

பக்கத்தில் இருந்த பெண்களுக்கும் அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு வரிசையின் நடுவிடத்தை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஆள் குறைகிறது என்று சிநேகிதன் பெண்சாதி கடைசி இடத்தில் போய் நின்றாள்.

ஒத்திகை நன்றாகத்தான் நடந்தது. அக்கா முகத்தை நிமிர்த்தி, யாரோ தூரத்தில் கூப்பிட்டதுபோலப் பார்த்துக்கொண்டு பறித்தாள். நான் மேட்டில் நின்று பார்த்தேன். பிறகு காமிரா ஓடத் தொடங்கியது. அதுவரை ஜீப்பில் உட்கார்ந்திருந்த டைரக்டர் இறங்கி, தேயிலைக்கு நடுவே இருந்த பாதையில் காமிராவோடு நடந்து வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு குச்சி.

சிலோன் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைத் தொப்பி பாதையில் வந்தால் அது துரை. துரை வரும்போது பெண்கள் தலை நிமிரக் கூடாது. தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துவிட்டு, கையை இரண்டு மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும். அந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே கங்காணி வாயால் உடம்பில் ஏறியது. கடல் தாண்டி வந்ததும் இறங்கிவிடுமா? ஒரு துணி இறங்கியது, அடுத்தது இறங்கியது, வரிசை முழுக்கக் குனிந்துவிட்டது. துரையையே பார்த்தறியாத சிநேகிதன் பெண்சாதியும் மற்றவர்களைப் பார்த்து இழுத்துவிட்டுக்கொண்டாள். டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். "ஆஹா, இயற்கையா இருக்கு!" என்றார். அதற்குள் மஞ்சு இறங்கித் தோட்டத்தை மூடியது. சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்காவிடம் கேட்டால், தான் குனியவே இல்லை என்றாள். உண்மையாகவே நம்பினாள். கை தானாகச் செய்ததை அவள் அறியவில்லை. படம் வந்தால் விடாமல் பார்க்கச் சொல்லி மகளுக்குக் கடிதமும் போட்டுவிட்டாள்.

குன்னூரில் படம் வந்தபோது லயமே கிளம்பியது. பாட்டு வந்தது. கதாநாயகி சிரிக்கிறாள். பின்னால் தலைத்துணிகளும் முதுகுகளும் கூடைகளும். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நான் எங்கடா தம்பி?"

"நடுவுல அக்கா. அதோ."

"மூஞ்சி எங்கடா?"

பாட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன கதை வந்ததோ, நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சிநேகிதன்தான் முன் சீட்டிலிருந்து திரும்பினான். "அக்கா, விசனப்படாதீங்க. பெத்த புள்ளைக்கு மூஞ்சி எதுக்குங்க? முதுகு போதாதுங்களா? ஊட்டுல சின்னதுல இருந்து பின்னாலயே சுத்துன புள்ளையாச்சுங்களே. பாத்தவொடனே சொல்லிப்போடுமுங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ உன் கெழவி படத்தை இங்கயும் கொண்டாந்துட்டியா?" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவரு சொல்றது சரிதான்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தீர்ப்பு அவன் பக்கம் போனது.

மகளிடமிருந்து பதில் வரவில்லை. மழைக்காலம் போனது. பிறகு புதிதாகக் கப்பலில் வந்த ஒரு குடும்பம், சேரங்கோட்டுத் தோட்டத்துக்குப் போகும் வழியில் எங்கள் லயத்தில் தங்கியது. அந்த வீட்டுப் பெண் அக்கா மகளுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவள். தேத்தண்ணி குடித்து முடிக்கும்முன் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒங்க மகளோடதான் படத்துக்குப் போனேன். பாட்டு வந்திச்சுதா, எழும்பி நிண்டு 'அம்மா! அம்மா!'ன்னு கத்தினா. பின்னால இருந்தவனுங்க கீழ இருக்கச் சொல்லி ஏசினானுங்க. அவ இருக்கவே இல்லை."

"அடையாளம் கண்டுச்சா?" அக்காவின் குரல் அவளுடையது போலவே இல்லை.

"பின்ன? 'அந்தா, வரிசையில கடைசியா நிக்குதே, தோளைச் சாய்ச்சுக்கிட்டு, அதான் எங்கம்மா. அம்மா அப்பிடித்தான் நிக்கும்'னு எல்லாருக்கும் காட்டினா."

கடைசியில் நின்றது சிநேகிதன் பெண்சாதி.

அவன் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தான். முகத்தைத் திருப்பி ஃபேக்டரிப் பக்கம் பார்த்தான். அந்தப் படத்தை ஊரில் எல்லாரையும்விட அதிகமுறை பார்த்தவன் நான். ஒவ்வொரு முதுகும் யாருடையது என்று எனக்குத் தெரியும். முதுகு பொய் சொல்லாது என்று எத்தனை மாதம் என் உயிரை எடுத்தான்! அவன் வாதம் தூள்தூளாகி என் முன்னால் கிடந்தது. ஒரு வார்த்தை போதும்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "ஆமா. அது நான்தான்."

நான் ஜெயித்தும் வெளியே சொல்லாமல் விட்ட சண்டை அது ஒன்றுதான். அவனும் அதற்குப்பிறகு அந்தக் கிழவியின் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு அந்தப் படம் கோத்தகிரிக்கும் வந்தது. அக்கா தானாகவே கிளம்பினாள். அவளுக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் சிநேகிதன் பெண்சாதியும் உட்கார்ந்தோம். பாட்டு வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். நடுவில் நின்ற தன்னை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பாட்டு முடியும்வரை அவள் கண் வரிசையின் கடைசியிலேயே இருந்தது. இருட்டில் அவளுடைய தோள், திரையில் தெரிந்த அந்தத் தோளைப்போல, மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.