வெளிநாடு போன பதினொரு பேர்

ஆவுடையார்கோவிலில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்குக் காரணம், மூன்று பேரில் என்னிடம் மட்டும்தான் கம்ப்யூட்டர் இருந்தது.

சங்கம் என்று பெயர் வைத்தது பிற்பாடுதான். என் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட் ஒன்று வாங்கினோம். அவர் காலமான பிறகு அது பரண்மேல் கிடந்தது. கோட்டைப்பட்டினத்தில் நாட்டுப்படகு ஓட்டும் ஒருவர், தன் தாயாரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அந்த அம்மாவுக்கு முதுகெல்லாம் புண் என்று சொன்னார். பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். அவர் வீட்டிலிருந்து அது மீமிசலுக்குப் போனது, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. நாலாவது வீட்டில் வீல் சேர் கிடைக்குமா என்று கேட்டார்கள். யாரோ தங்கள் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு வருடத்துக்குள் என் கடையின் பின்னறை நிறைந்துவிட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கடைக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நோட்டு இல்லாம எப்படிங்க குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே இருநூறு பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுக் கொண்டுவந்தார். அப்படி அவர் பொருளாளர் ஆனார். படகுக்காரர் தலைவர். அவரை நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

தன்னார்வ அமைப்புகளுக்கு அரசு மானியம் தருகிறது என்பது, வேறு யாருக்கோ பிரிண்ட் போட்டுக் கொடுத்த தாளில் இருந்து எனக்குத் தெரியவந்தது. எங்களிடம் ஏர் பெட் மூன்றுதான் இருந்தது. கேட்டு வருகிறவர்களோ நிறையப் பேர். கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

முதலில் இணையதளத்தில் சங்கத்தைப் பதிய வேண்டும். நிர்வாகிகள் மூன்று பேருடைய போனுக்கும் ஓடிபி வரும். மூன்றையும் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் எல்லாம் அழிந்து முதல் பக்கத்துக்குப் போய்விடும். என்னுடையதைப் போட்டேன். அடுத்து அக்கா.

"அக்கா, நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"நான்தான்க்கா கேக்குறேன்."

"ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு அந்த பேங்க் சார் சொன்னப்ப, நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டுனீங்களா இல்லையா?"

உண்மைதான். போன் மோசடி பற்றி வயதானவர்களுக்கு என் கடை வாசலில் கூட்டம் போட்டதே நாங்கள்தான். இருபது பேர் வந்திருந்தார்கள். அதை மனதில் வாங்கிக்கொண்டவர் அக்கா ஒருவர்தான் போலிருக்கிறது.

கடைசியில், தானே தட்டுவதாக ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, முந்தானையால் மறைத்து, ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தட்டினார். அவர் தட்டி முடித்தபோது தலைவர் கடலில் இருந்தார். போனில் சிக்னல் இல்லை. பத்து நிமிடம் போயிற்று. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள், அவர் கரைக்கு வரும் நேரம் பார்த்து நாங்களே கோட்டைப்பட்டினத்துக்குப் போவது என்று முடிவு செய்தோம்.

தங்கை மகளின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, காலை பஸ் பிடித்து, மீன் இறங்குதளத்தில் போய் நின்றோம். கவிழ்த்துப்போட்ட மீன் பெட்டியின்மேல் லேப்டாப்பை வைத்தேன். அண்ணன் படகை விட்டு இறங்கியதும் இரண்டு பாலிதீன் பைக்குள் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தார். சார்ஜ் இல்லை. ஐஸ் வண்டி டிரைவரின் போனைக் கெஞ்சி வாங்கி அதில் சிம்மைப் போட்டார். நான் என் எண்ணைப் போட்டேன். அக்கா, நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன்னுடையதைத் தட்டினார். அண்ணனுக்கும் ஓடிபி வந்துவிட்டது. அவருக்குக் கடல் இரைச்சலில் பேசிப் பேசிப் பழகிய குரல். ஆறு எண்ணையும் தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். பக்கத்தில் நண்டுக்கூடை ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி, "எம்புட்டு? எம்புட்டு கேட்டீங்க?" என்றார்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பதிவு முடிந்துவிட்டது.

அடுத்தது விண்ணப்பம். எல்லாத் திட்டத்துக்கும் ஒரே படிவம்தான். யாரோ வேலைவாய்ப்புப் பயிற்சிக்காக உண்டாக்கிய படிவத்தை முதியோர் நலனுக்கும் அப்படியே வைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அதில் கடந்த ஆண்டு "பயன்பெற்று முடித்தவர்கள்" பட்டியல் கேட்டிருந்தது. எங்களைப் பொறுத்தவரை முடித்தவர்கள் என்றால் சாமானைத் திருப்பிக் கொடுத்தவர்கள். அக்காவின் நோட்டைப் பார்த்தோம். பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் மீமிசலில் இட்லிக்கடை போடும் அம்மா. இடுப்பெலும்பு முறிந்து, எங்கள் வாக்கரைப் பிடித்து நடந்து பழகி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அடுப்புப் பற்றவைத்தவர். மற்ற பதினொரு பேரும் இறந்துபோனவர்கள். காரியம் முடிந்து ஏர் பெட்டைக் கழுவிக் காயவைத்து அவர்களின் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பட்டியலின் கடைசிக் கட்டம், "தற்போதைய நிலை". அம்புக்குறியைத் தட்டினால் ஐந்து விடை இறங்கும்: சுயதொழில் செய்கிறார், வேலையில் சேர்ந்தார், உயர்கல்வி பயில்கிறார், திருமணம் ஆனது, வெளிநாடு சென்றார். இறந்தார் என்பது இல்லை. காலியாக விட்டால் சிவப்புப் புள்ளி வந்து நகர மாட்டேன் என்கிறது.

இட்லிக்கார அம்மாவுக்கு சுயதொழில் என்று போட்டோம். மற்றவர்களுக்கு என்ன போடுவது என்று மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். திருமணம் என்று போடலாமா என்று அண்ணன் கேட்டார்.

"எண்பத்திமூணு வயசுல கல்யாணமா? அந்த வீட்டு மருமக என்னையத்தான் வெளக்கமாத்தால அடிப்பா" என்றார் அக்கா.

அண்ணன் சொன்னார்: "வெளிநாடுன்னே போடு தங்கச்சி. கூப்பிட்டா வராத தூரத்துக்குப் போயிட்டாங்கல்ல. பொய்யில்ல."

அக்காவுக்கு மனசில்லை. ஆனாலும் மறுநாள்தான் கடைசித் தேதி. பதினொரு முறை "வெளிநாடு சென்றார்" என்பதைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் எங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி.

"மேடம், பன்னெண்டு பேர்ல பதினொரு பேர் வெளிநாடு போயிருக்காங்க. ரொம்ப நல்ல ரிசல்ட். வேற எந்த அமைப்பும் இந்த அளவுக்குப் பண்ணல."

"சார், அது வந்து..."

"நேர்ல வாரேன் மேடம், வியாழக்கிழமை. அவங்க பாஸ்போர்ட் காப்பி மட்டும் எடுத்து வைங்க."

அதற்கு முன்பே விஷயம் எப்படியோ வெளியே போயிருந்தது. இன்னொரு சங்கத்துக்காரர் எனக்குப் போன் செய்து, "எந்த ஏஜென்டுங்க? எங்க ஆளுகளும் அறுபதத் தாண்டிட்டாங்க, ஒருத்தனும் எடுக்க மாட்டேங்குறான்" என்று ஆதங்கத்தோடு கேட்டார். கோயிலுக்கு வந்த ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்து, தன் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயதுதான், ஆள் திடகாத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அதிகாரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னறையைச் சுற்றிப் பார்த்தார். வீல் சேர்களை எண்ணினார். நோட்டைப் புரட்டி, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். டீ வந்தது. அண்ணனும் அன்று கடலுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"யாராவது ஒருத்தர்ட்ட வீடியோ கால்ல பேசிடலாமா? எந்த நாடுன்னாலும் சரி" என்றார் அதிகாரி.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் டீயைப் பார்த்தார். அக்காதான் எழுந்து நின்றார். மேற்பார்வையாளர் வரும்போது அங்கன்வாடியில் எழுந்து நின்ற பழக்கம்.

"சார், அவங்க எல்லாரும் இறந்துட்டாங்க."

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். "பதினொரு பேருமா?"

"ஆமா சார்."

"வெளிநாட்டுலயா?"

"இல்ல சார். இங்கிட்டுத்தான். மீமிசல்ல நாலு பேரு, கோட்டைப்பட்டினத்துல மூணு, மிச்சப் பேரு இந்த ஊர்ல."

அவர் நோட்டை மறுபடியும் கையில் எடுத்தார். "எப்ப? ஒங்க சாமான வாங்குறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்தான் சார்" என்றார் அக்கா, மறைக்கத் தெரியாமல்.

நான் குறுக்கே புகுந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தைத் திறந்து ஐந்து விடைகளையும் காட்டினேன். அவர் இரண்டு முறை தானே தட்டிப் பார்த்தார். ஆறாவதாக ஏதாவது இறங்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு நெற்றியைத் தேய்த்தபடி, யார் வீட்டுக்காவது போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். அந்த வீட்டுப் பெரியவர் பட்டியலில் ஏழாவது ஆள். அவர் மகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கவர்மென்டில் இருந்து வந்திருக்கிறார் என்றதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டபோது நிறையப் பேசவில்லை. "அந்த பெட்டு வந்த அன்னைக்கித்தான் சார் அப்பா முனகாமத் தூங்குனாரு. செத்துட்டாரோன்னு நான் மூக்குல வெரல வச்சுப் பார்த்தேன். அதுக்கப்புறம் நாப்பது நாள் இருந்தாரு. நாப்பது நாளும் தூங்குனாரு" என்றார்.

அதிகாரி வாசலிலேயே நின்று கேட்டார். ஸ்கூட்டர் நின்ற இடத்துக்குத் திரும்பி நடந்தோம். எனக்கு, மாமனார் கடைசி மாதங்களில் தூங்கிய தூக்கம் நினைவுக்கு வந்துவிட்டது.

"மேலிடத்துக்கு எழுதிக் கேக்குறேன் மேடம். இறப்புன்னு ஒண்ணு சேர்க்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நிஜமாகவே எழுதினார். பதிலும் வந்தது. எனக்குப் போனில் படித்துக் காட்டினார். மென்பொருளில் இப்போதைக்கு மாற்றம் செய்ய இயலாது. இருப்பவற்றில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்குமாறு அமைப்புக்கு அறிவுறுத்தவும். ஆகவே எங்கள் பதினொரு பேரும் வெளிநாட்டிலேயே இருக்கிறார்கள், இந்த முறை அரசின் ஒப்புதலோடு.

மானியமும் கிடைத்தது. எட்டு ஏர் பெட், நாலு வீல் சேர். கேட்டதில் பாதிதான் என்றாலும் எங்களுக்கு அது பெரிது. அண்ணன் வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலாப்பம் ஒரு தூக்கு நிறைய வந்தது. ஆனால் ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்துப் படித்தபோது கடைசிப் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. சென்ற ஆண்டு பதினொரு பேர் வெளிநாடு சென்றிருப்பதால், வரும் ஆண்டின் இலக்கு பதினைந்து. பொருளாளர் கையொப்பம் இட வேண்டும்.

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வெறும் பேப்பர்தாங்க" என்றார் அண்ணன். "கம்ப்யூட்டர் தானா போட்ட கணக்கு அது."

"பதினஞ்சு பேர் சாவாங்கன்னு நான் எழுதிக் குடுக்கணுமா? நீங்க போடுவீங்களா? ஒங்க தெருவுல எத்தனை, எங்க தெருவுல எத்தனைன்னு பிரிச்சுக்குவோமா?"

அந்தப் பதினைந்தைப் பார்த்ததும், அப்போது ஏர் பெட்டில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எனக்கும் கண்முன் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

மறுநாள் நானும் அக்காவும் அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். அலுவலகத்தில் அக்கா அதிகாரியின் முன்னால் நின்று, நேற்றுச் சொன்னதையே சொன்னார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. அவர் நிபந்தனையை வாசித்தார். மறுபடி வாசித்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்து, இலக்கைப் பூஜ்யம் ஆக்க முடியாதாம், ஆனால் வேறு கட்டத்துக்கு மாற்றலாமாம் என்றார்.

"சுயதொழில்ல பதினஞ்சுன்னு போட்டுக்கலாமா அக்கா?" மேடம் போய் அவருக்கும் அக்கா ஆகிவிட்டிருந்தது.

"அப்படின்னா?"

"படுத்திருக்கிறவங்க பதினஞ்சு பேரு எந்திரிச்சு, நடந்து, சொந்தமாத் தொழில் ஆரம்பிப்பாங்கன்னு அர்த்தம்."

நடக்கிற காரியமா என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்குப் போடுறேன் சார். எங்க போடணும்?"

மூன்று பிரதியிலும் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியைக்கூட எழுத்தால் எழுதினார்.

சாமான்கள் சித்திரை வெயிலில் மினி லாரியில் வந்து இறங்கின. இரண்டு வாரத்துக்குள் பின்னறை காலி. நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திறந்து, மேலே "எந்திரிச்சவங்க" என்று அக்கா எழுதி வைத்திருக்கிறார். இதுவரை இரண்டு பேர். ஒருவர் இட்லிக்கார அம்மாவுக்கு உறவு, பூக் கட்டுகிறார். இன்னொருவர் வாக்கரை விட்டுவிட்டுக் கம்போடு நடக்கிற ஒரு பெரியவர். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறார். அதைச் சுயதொழிலில் சேர்க்கலாமா என்று எனக்குச் சந்தேகம். அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"எத்தனை ஆடு?" என்று கேட்டார்.

"நாலு சார். ஒண்ணு சினையா இருக்கு."

"அப்ப தாராளமாச் சேர்த்துக்கோங்க மேடம்" என்றார்.