கலங்கல் தண்ணீரில் தெரிகிற கடிகாரம்

கடலைப் பார்த்தே இராத என் அம்மா, கடலுக்குள் மூழ்குகிறவர்கள் கட்டுகிற கைக்கடிகாரம் ஒன்றைத் தேனியில் வாங்கினாள். அப்போது நான் நான்காம் வகுப்பு. அதை வாங்கிய கதையை இன்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குக் கிணற்றில் மூழ்குகிற வேலை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமோ வாழைத் தோட்டமோ, எங்கே மோட்டார் கழன்று கிணற்றுக்குள் விழுந்தாலும், குழாயின் அடியில் சகதி அடைத்துக்கொண்டாலும் அப்பாவைத் தேடி ஆள் வரும். கம்ப்ரசரிலிருந்து வருகிற காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார். மேலே கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வதும், அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வதும் அம்மாவின் வேலை. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. கயிற்றைச் சுண்டினால் மேலே வந்துவிட வேண்டும் என்பது இருவருக்கும் உள்ள பேச்சு. அப்பா அந்தப் பேச்சை மதித்ததாக எனக்கு நினைவில்லை.

ஜெயமங்கலம் பக்கம் ஒரு கிணற்றில் வேலை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் போயிருந்தேன். அம்மா கயிற்றைச் சுண்டினாள். அப்புறம் இழுத்தாள். அப்புறம் தோட்டக்காரரையும் கூப்பிட்டு இருவருமாக இழுத்தார்கள். குளிரில் விறைத்து மேலே வந்த அப்பாவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. படியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு பிள்ளை?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

சற்று நேரத்தில் அப்பா தெளிந்துவிட்டார். தெளிந்ததும் சண்டைக்கு வந்தார். "இப்பத்தானே இறங்குனேன், அதுக்குள்ள எதுக்கு இழுத்த?"

அம்மா கயிற்றைச் சுருட்டிக் கட்டினாள். வீட்டுக்கு வந்து, அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள். "நான் இழுத்து நீங்க வரமாட்டீக. கீழ போனா நேரம் போறதும் உங்களுக்குத் தெரியல. தண்ணிக்குள்ள கட்டுற கடியாரம் ஒண்ணு வாங்குவோம். நீங்களே பாத்து, நீங்களே வாங்க."

அந்தச் சனிக்கிழமை மூவரும் தேனிக்கு பஸ் ஏறினோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் முதலில் எடுத்துப்போட்டது தங்க நிறச் சங்கிலி வைத்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. திராட்சை யாவாரி ஒருவர் அதே மாதிரிதான் கட்டியிருந்தார். எனக்கு நாலைந்து பொத்தான்கள் வைத்த நீலக் கடிகாரத்தின் மேல் கண். தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டுச் சரக்கும் இருந்தது. விலையைக் கேட்ட அப்பா, "இதுக்கு ஒரு மோட்டாரே வாங்கிப் போடலாமே" என்றார்.

அம்மா ஒயர்கூடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே செம்மண் நிறத்தில் கலங்கிய தண்ணீர்.

"என்னத்தா இது?" என்றார் கடைக்காரர்.

"கெணத்துத் தண்ணிண்ணே. இவுக இறங்கி வேலை பாக்குற தண்ணி. இதுக்கு அங்கிட்டு வச்சா முள்ளு தெரியணும்."

கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேறு வீட்டுப் பிள்ளை போல மெல்ல வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன். அம்மா ஒவ்வொரு கடிகாரமாகப் பாட்டிலுக்குப் பின்னால் நிறுத்திக் குனிந்து பார்த்தாள். தங்கம் காணாமலே போயிற்று. நீலம், மை சிந்தியது போலத் தெரிந்தது. முதலில் சிரித்த கடைக்காரருக்கும் மெல்ல ஆர்வம் பிடித்துக்கொண்டது. "இரு, உள்ள இருட்டாவும் இருக்குமுல்ல" என்று மேலே எரிந்த விளக்கை அவரே அணைத்தார். அப்புறம் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்தார்.

கறுப்பாய், குண்டாய், ரப்பர் பட்டையோடு இருந்தது. அழகு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் பாட்டிலுக்குப் பின்னால் அதன் தடித்த முட்கள் மட்டும் பச்சையாக மினுங்கின.

"மத்ததுல வாட்டர் புரூப்னு எழுதியிருக்கதெல்லாம் மழைக்கும் கை கழுவுறதுக்கும்தான் தாங்கும்" என்றார் கடைக்காரர். "இதுல பாருங்க, பக்கத்துல இருக்க இந்தச் சாவியத் திருகி மூடிட்டா தண்ணி ஏறாது."

"தேதி இல்லையே" என்று அப்பா குறைப்பட்டார்.

"கெணத்துக்குள்ள எத்தன நாளு குடியிருக்கப் போறீக?" என்றாள் அம்மா.

கடிகாரத்தைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. இறங்கும்போது அதன் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டால், முள் புள்ளியை விட்டு எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கு. நான் ஆசைக்குத் திருகிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் சுற்றியது. "அம்மா, இது ரிப்பேரு" என்றேன்.

"ரிப்பேரு இல்ல பாப்பா" என்றார் கடைக்காரர். " கல்லுல இடிச்சு வளையம் நகந்துருச்சுன்னு வையி, ஆன நேரத்தக் கூடத்தான் காட்டும். கொறச்சுக் காட்டாது. அதுக்குத்தான் ஒரு பக்கமாச் செஞ்சிருக்கான்."

அம்மா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, "அப்ப இது தப்பாக் காட்டுனாலும் ஆளச் சீக்கிரமாத்தான் மேல அனுப்பும்?" என்றாள்.

"ஆமாத்தா."

"இதையே குடுங்கண்ணே."

ஓசியில் தருகிற கறிவேப்பிலைக்கே பேரம் பேசுகிற அம்மா, அன்று பேரம் பேசவில்லை. தங்கச் சங்கிலியைத் தலையில் கட்டியிருந்தால் அந்தக் கடைக்காரருக்கு இன்னும் கொஞ்சம் லாபம் கிடைத்திருக்கும். அவர் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. தேனிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தெருவைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகும் பல வருஷம் அப்பா இறங்கினார், எந்தக் கிணற்றிலும் ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் டிவி செய்தியோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.

கடிகாரம் கட்டி இறங்கிய முதல் வேலை சின்னமனூர்ப் பக்கம், ஒரு திராட்சைத் தோட்டத்தில். அம்மா கயிற்றைச் சுண்டும் முன்பே அப்பா தானாக மேலே வந்தார். தோட்டக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இப்பத்தானே போன?" என்றார்.

"வளையம் எங்கனயோ இடிச்சிருச்சு போல. நேரமாச்சுன்னு காட்டுது. இன்னுங் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே புள்ளியைத் திருப்பி வைத்து, கொஞ்சம் ஆறியபின் மறுபடி இறங்கினார்.

அப்பா தண்ணீருக்குள் இருக்கையில் அம்மா உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அன்று ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, என்னைத் தூக்குவாளியைத் திறக்கச் சொல்லி, தயிர்ச்சோற்றை அள்ளிச் சாப்பிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா உள்ளே கஷ்டப்படுகிறார், இங்கே சாப்பாடா? அவர் ஏறி வந்து வாயிலிருந்த குழாயை எடுத்ததும் கோள் சொன்னேன். "நீங்க உள்ள இருக்கும்போது அம்மா சாப்பிட்டுச்சு."

"சாப்பிட்டுச்சா?"

"உக்காந்து சாப்பிட்டுச்சு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டு வாயைத் துடைத்தாள். திட்டு விழப் போகிறது என்று நான் காத்திருந்தேன். அப்பா ஈரம் சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மிச்சம் இருக்கா?" என்று கேட்டு, அதே வாளிக்குள் கையை விட்டார். ஒரு வாய் தின்றுவிட்டு என்னிடம் திரும்பி, "ஏ பாப்பா, என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

சொன்னேன். சிரித்தார். மறுபடியும் சொல்லச் சொன்னார். நான் சொன்ன கோள் அவருக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று அப்போது எனக்கு விளங்கவேயில்லை.