ஆணி ஒட்டாத காந்தம்

இத எழுதவே வாணாம்னுதான் இருந்தேன். எழுதினா அவனுக்கு இன்னும் பேரு ஏறும். சரி, போனா போவுது.

ஒம்போதாவது வரைக்கும் நானும் அவனும் ஒரே பெஞ்சு. நான் பத்தாவதுல கோட்ட வுட்டுட்டு உத்திரமேரூர்ல மைக் செட் கடையில ஒட்டிக்கினேன். அவன் மெட்ராஸ் போயி ஏதோ காந்தத்த வச்சி டாக்டர் பட்டத்துக்குப் படிச்சிக்கினு இருந்தான். எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அவன சீஃப் கெஸ்டா கூப்ட்டாங்க. மைக்கும் சீரியல் லைட்டும் நானு. அவனுக்கு மேடை மேல மால, எனக்கு மேடைக்குக் கீழ ஆம்ப்ளிபயர் சூடு. வயிறு எரியாம இன்னா பண்ணும்?

மாத்திர கணக்கா ஒரு கருப்பு வில்லையத் தூக்கிக் காட்டினான். "இது ஒரு தினுசு காந்தம். கரண்டு சமாச்சாரமும் இதுக்குள்ளயே கீது."

"ஆணி ஒட்டுமா சார்?" முன்வரிசையில ஒரு பொண்ணு கேட்டுது.

"ஒட்டாதும்மா."

கூட்டமே சிரிச்சிது. எனக்கு பாயாசம் குடிச்சாப்புல இருந்துச்சி. அவன் பேப்பரப் பாத்து என்னென்னவோ படிச்சான், ஒருத்தருக்கும் புரியல. ஹெட்மாஸ்டர் வாட்ச்சப் பாத்தாரு.

அத்தோட வுட்டிருக்கலாம். பசங்க கண்ண அவன் மேலருந்து மொத்தமா புடுங்கிடணும்னு, அவன் பின்னால ஓடிக்கினு இருந்த பல்பு சக்கரங்கள டக்குனு பாதியில நிறுத்தினேன். வரிசையா எட்டு சக்கரம், ஒவ்வொன்னுலயும் கடியார முள்ளு கணக்கா ஒரு வெளிச்சக்கோடு, ஒன்னுக்கொன்னு கொஞ்சம் பின்தங்கி சுத்தும். மொத சக்கரத்துல கோடு நேரா நின்னுது, ரெண்டாவதுல கொஞ்சம் சாஞ்சி, மூணாவதுல படுத்து, அப்டியே எட்டாவதுக்குள்ள ஒரு முழு சுத்து.

எல்லாரும் அங்க பாத்தாங்க. அவனும் திரும்பினான். பாவிக்கு மொகமே மலந்துடுச்சி.

"இதாம்மா. ஒவ்வொரு கோடும் ஒரு குட்டி காந்தம்னு வச்சிக்கோ. ஆளுக்கொரு பக்கம் பாக்குது, ஒன்னோட பலத்த ஒன்னு கழிச்சிடுது. அதான் ஆணி ஒட்டல. ஆனா இப்டி சுத்தி நிக்கறதாலயே, உள்ள பிளஸ் ஒரு பக்கமும் மைனஸ் ஒரு பக்கமும் நவுந்துடுது. ஐஸ விட ரொம்ப ரொம்ப குளிர வச்சாத்தான் அப்டி சுத்தி நிக்கும்; இப்ப சாதா சூட்டுல கன்னாபின்னான்னு திரும்பிக் கெடக்கு, அப்பவும் பலம் கழிஞ்சிதான் போவுது. சுத்து எதிர்ப்பக்கமா மாறினா பிளஸ்ஸும் மைனஸும் எடம் மாறிடும்."

அந்தப் பொண்ணு தலையாட்டுச்சி. எனக்கே புரிஞ்சிடுச்சி, அதான் இன்னும் கடுப்பு. கைதட்டல் அடங்கவே இல்ல.

விழா முடிஞ்சி நான் ஒயரு சுத்திக்கினு இருந்தப்ப மாலையோட வந்து நின்னான்.

"ஒன்னக் கவுக்கத்தான்டா நிறுத்தினேன்"ன்னேன்.

"நீ எதனா பண்ணுவன்னுதான்டா ஒன் மைக் செட்டையே வைக்கச் சொன்னேன்"ன்னான்.